நொச்சி சூடிய இருவர்

நெஸ்டா என்றால் நேர்த்தி, மெட்டராஸி என்றால் முரட்டுத்தனம். கால்பந்து பார்ப்பவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் கணக்கு இது. இருவரும் இத்தாலியர்கள், இருவரும் ஸ்டாப்பர் நிலையில் ஆடியவர்கள், இருவரிடமும் உலகக் கோப்பைப் பதக்கம் உண்டு என்று பொதுமைகளை எடுத்து வைத்த உடனே யாராவது ஒருவர் ‘ஆனால்’ என்று குறுக்கே வருவார். அந்த ‘ஆனால்’ எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.

ஆசை வந்தது 2014 டிசம்பரில். கார்த்திகை தீபத்துக்குத் திரண்ட கூட்டம் வடிந்து, திருவண்ணாமலையை அடுத்த எங்கள் வேங்கிக்கால் மறுபடியும் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர்களின் ஊராகியிருந்தது. தொலைக்காட்சியில் இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் பருவம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. நீலச் சட்டைக்காரர்களான சென்னையின் எஃப்.சி. அணிக்கு ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக 41 வயது மார்கோ மெட்டராஸி. அவர் அழைத்ததற்காக ஓய்வைக் கலைத்துக்கொண்டு வந்து சேர்ந்தவர் 38 வயது அலெஸ்ஸாந்த்ரோ நெஸ்டா. 2006இல் உலகக் கோப்பையை வென்ற அணியின் இரண்டு ஸ்டாப்பர்கள் பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கத்துப் புல்தரைக்கு வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஆட்டமென்றால் முதலில் கபடிதான். கால்பந்து பார்க்க எனக்குத் துணை கிடைப்பதே அரிது. அன்று உடனிருந்தவர் இளமையில் கபடி ஆடிய பெரியவர். இருவருடைய பழைய ஆட்டத் துண்டுகளைச் செல்பேசியில் காட்டினேன். “இவரு காலப் பாத்துப் பிடிக்கிறவரு. அவரு டேஷ் அடிக்கிறவரு” என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார்.

இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை. பாடி வருபவரை மடக்கக் கபடியில் இரண்டு வழிகள் உண்டு. அவர் கால் நீளும் கணத்துக்காகக் காத்திருந்து கணுக்காலைக் கவ்வுவது ஒன்று. உடம்போடு உடம்பு மோதி எல்லைக்கு வெளியே தள்ளுவது மற்றொன்று. நெஸ்டா முதல் வகை. எதிராளி பந்தைத் தன் காலிலிருந்து அரையடி விலக்கும்வரை அவர் நின்றபடியே பின்வாங்குவார், பிறகு ஒரே சரிவு. பந்து இவர் காலில் இருக்கும், ஆள் மேல் ஒரு கீறலும் இருக்காது. மெட்டராஸி இரண்டாம் வகை. 1.93 மீட்டர் உயரத்தைக் கதவுபோல் நிறுத்தி வைப்பார். பந்து வந்ததா ஆள் வந்தாரா என்பது கதவுக்குக் கவலையில்லை.

பெரியவரின் தீர்ப்பை இரண்டு பெனால்டிகள் கொஞ்சம் அசைக்கின்றன. 2012 மார்ச் 28 அன்று மிலானில் பார்சிலோனாவுக்கு எதிராக 36 வயது நெஸ்டா மெஸ்ஸியின் காலடியிலிருந்து பந்தைக் கொய்தெடுத்த சரிவு இன்றும் பயிற்சி வகுப்புகளில் காட்டத்தக்கது. ஆறே நாள் கழித்து பார்சிலோனாவில் நடந்த மறு ஆட்டத்தில், ஒரு கார்னரின்போது புஸ்கெட்ஸின் சட்டையை இழுத்தவரும் அதே நெஸ்டாதான். பெனால்டி கொடுக்கப்பட்டது, மெஸ்ஸி கோலடித்தார், நெஸ்டாவின் கழகமான மிலான் வெளியேறியது. மறுபக்கம் 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். ஏழாவது நிமிடத்தில் மெட்டராஸிமேல் விழுந்த பெனால்டிக்குக் காரணம் பிரான்ஸின் மாலூடா மேல் பட்ட ஓர் உரசல். என் கண்ணுக்கு அது காற்றைவிடச் சற்றே கனமானது, அவ்வளவுதான். நேர்த்திக்காரர் சட்டையைப் பிடித்து மாட்டினார், முரடர் லேசாகத் தொட்டு மாட்டினார். நடுவரின் தீர்ப்பு இருவருக்கும் ஒன்றே.

இருவரையும் அளக்கத் தமிழில் ஒரு பழைய அளவுகோல் கிடக்கிறது. கோட்டையை முற்றுகையிடுவது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலை நொச்சிக்குத் தனித் திணை என்ற இடத்தைக் கொடுத்தது. தொல்காப்பியமோ மதில் காப்பதையும் உழிஞைக்குள்ளேயே அடக்கிவிட்டது. காத்தல் தனித்தொழிலா, தாக்குதலின் மறுபாதியா என்பதில் நம் இலக்கணிகளுக்குள் இருந்த அந்தக் கருத்து வேறுபாட்டை இந்த இரண்டு இத்தாலியர்களும் தெரியாமலேயே தொடர்ந்தார்கள். நெஸ்டா வெண்பாமாலைக் கட்சி. தேசிய அணிக்கு 78 ஆட்டங்கள் ஆடி ஒரு கோல்கூட அடிக்காதவர். காத்தலே அவர் திணை, துறை எல்லாம். மெட்டராஸி தொல்காப்பியக் கட்சி. பெருஜியா அணிக்காக 2000-01 பருவத்தில் மட்டும் இத்தாலிய லீக்கில் 12 கோல்கள் அடித்தார். அவற்றில் பல பெனால்டிகள் என்றாலும், ஒரு ஸ்டாப்பருக்கு இது கேள்விப்படாத எண்ணிக்கை. தேசிய அணிக்கு ஆடியவை 41 ஆட்டங்கள், அடித்தவை 2 கோல்கள். இரண்டும் 2006 உலகக் கோப்பையில். மதில்மேல் நின்றபடியே எதிரியின் கோட்டைமேல் ஏணி சாத்தியவர் அவர்.

வளர்ந்த விதத்திலும் வேறுபாடு பெரிது. நெஸ்டா ரோமாபுரிப் பிள்ளை. ரோமின் லாசியோ கழகத்திலேயே பயின்று, 18 வயது நிறையும் முன்பே முதல் அணிக்கு வந்து, பிறகு அதன் கேப்டனும் ஆனார். மெட்டராஸி தெற்கே லெச்சேயில் பிறந்தவர், பயிற்சியாளரின் மகன், ஆகவே ஊர் ஊராக வளர்ந்தவர். அப்பாவின் பெயர் உதவியிருக்கும் என்று யாரும் நினைக்கலாம். மகனோ மார்சலா, திராபானி, கார்பி என்று கீழ்நிலை லீக்குகளின் பேருந்துகளில் இளமையைக் கழித்தார். இங்கிலாந்தின் எவர்ட்டனுக்குப் போய் ஒரு பருவத்தில் சிவப்பு அட்டைகளைச் சேர்த்துக்கொண்டு திரும்பினார். நெஸ்டாவைவிட மூன்று வயது மூத்தவர், ஆனால் தேசிய அணிச் சட்டை அவருக்குக் கிடைத்தது நெஸ்டாவுக்குக் கிடைத்து ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆன பிறகு, 2001இல். ஒருவருக்கு வாசல் திறந்தே இருந்தது, மற்றவர் தட்டித் தட்டிக் கை வலித்தவர். இந்த அப்பா, கியூசெப்பே மெட்டராஸி, 1988 முதல் 1990 வரை பயிற்சியாளராக இருந்த கழகம் எது தெரியுமா? லாசியோ. சிறுவன் நெஸ்டா அப்போது அதன் இளையோர் பிரிவில் பந்து உதைத்துக்கொண்டிருந்தான்.

வன்முறைக் கணக்கின் முதல் வரியும் நாம் எதிர்பார்க்கிற பெயரில் இல்லை. 1994 ஏப்ரலில் லாசியோவின் பயிற்சியின்போது இங்கிலாந்தின் புகழ்பெற்ற பால் காஸ்காய்னின் கால் முறிந்தது. மோதலின் மறுமுனையில் இருந்தவர் 18 வயது நெஸ்டா. பாய்ந்தவர் காஸ்காய்ன்தான், பையன்மேல் குற்றமில்லை. அதே விபத்து மெட்டராஸியின் காலில் நேர்ந்திருந்தால் அதை விபத்து என்று எழுத எத்தனை பேனாக்கள் முன்வந்திருக்கும்? நற்பெயரும் கெட்ட பெயரும் பின்னோக்கியும் வேலை செய்கின்றன. மெட்டராஸி தன் பெயருக்கு உழைக்காமல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2004இல் ஆட்டம் முடிந்து மைதானத்துக்கு உள்ளே போகும் வழியில் சியெனா அணியின் சிரில்லோவை அடித்து, இரண்டு மாதத் தடை வாங்கினார். அன்றைய ஆட்டத்தில் அவர் ஆடவே இல்லை.

உலகக் கோப்பையில் நெஸ்டாவின் உடம்பு மூன்று முறை அவரைக் கைவிட்டது. 1998இல் ஆஸ்திரியாவுக்கு எதிராக, மூன்றாவது ஆட்டத்தில். 2002இல் குரோஷியாவுக்கு எதிராக, இரண்டாவது ஆட்டத்தில். 2006இல் செக் குடியரசுக்கு எதிராக, மறுபடியும் மூன்றாவது ஆட்டத்தில். மூன்று தொடர்களிலும் முதல் சுற்றோடு அவர் கதை முடிந்தது. 2006ஐ எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2002ஐ மறந்துவிட்டார்கள், ஒப்பிட உட்கார்ந்த பிறகுதான் எனக்கும் அது கண்ணில் பட்டது.

2002 ஜூன் 8, ஜப்பான். குரோஷியாவுக்கு எதிரான ஆட்டத்தின் 24ஆம் நிமிடத்தில் நெஸ்டா நொண்டியபடி வெளியே வர, அவரிடத்துக்கு உள்ளே போனவர் மெட்டராஸி. வியேரி அடித்த கோலால் முன்னிலையில் இருந்த இத்தாலி, மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு கோல் வாங்கித் தோற்றது. இரண்டாவதை அடித்த ரபாயிச் பெருஜியாவில் மெட்டராஸியின் பழைய தோழர். கடைசிக் கணங்களில் மெட்டராஸி தன் பாதியிலிருந்து தூக்கி அனுப்பிய நெடும்பந்து யார்மேலும் படாமல் குதித்து வலைக்குள் போனது. இன்சாகி ஒரு சட்டையைப் பிடித்திருந்தார் என்று நடுவர் அதை ரத்து செய்தார். நெஸ்டாவின் இடத்தை நிரப்பத் தெரியாதவர் என்ற முத்திரை அன்று விழுந்தது.

2006 ஜூன் 22, ஹாம்பர்க். செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தின் 17ஆம் நிமிடத்தில் நெஸ்டா வெளியே, மெட்டராஸி உள்ளே. நாடகத்தின் அதே காட்சி, அதே பாத்திரங்கள். ஒன்பது நிமிடம் கழித்து டோட்டியின் கார்னருக்கு எல்லோரையும்விட உயரமாக எழும்பி அவர் தலையால் முட்டிய பந்து வலையில். நான்கு ஆண்டுகளுக்கு முன் செல்லாமல் போன கோல் வட்டியோடு திரும்பி வந்ததுபோல் இருந்தது. இத்தகைய ஒழுங்கைக் கதாசிரியன் எழுதினால் செயற்கை என்போம்.

பிறகு நடந்தது உலகறிந்தது. ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை, உக்ரைனுக்கு எதிராக ஆடத் தடை, ஜெர்மனிக்கு எதிராகத் திரும்பி வருகை, இறுதியில் பிரான்ஸ். அந்த ஜூலை 9 இரவு பெர்லினில் மெட்டராஸி தொடாதது எதுவும் இல்லை. அவர்மேல் பெனால்டி, அவர் தலையால் சமன், அவர் வாயால் சீண்டப்பட்டு அவரை முட்டி வெளியேறிய ஜிதான், டைபிரேக்கரில் அவர் காலால் இரண்டாவது உதை. கோல் வாங்கிக் கொடுத்தவர், கோலடித்தவர், முட்டு வாங்கியவர் என்று ஒரே ஆட்டத்தில் மூன்று வேடம் கட்டிய இன்னொரு ஸ்டாப்பரை நான் அறியேன். வாயால் செய்ததற்கு உலகக் கால்பந்துச் சம்மேளனம் அவருக்கு இரண்டு ஆட்டத் தடையும் 5,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் போட்டது. தலையால் செய்த ஜிதானுக்கு மூன்று ஆட்டமும் 7,500 பிராங்கும். சொல்லுக்கும் முட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை யாரோ சில்லறையாக எண்ணி வைத்திருக்கிறார்கள்.

நெஸ்டாவின் பங்கு என்ன? ஆடியவை இரண்டேகால் ஆட்டங்கள்கூட முழுதாக இல்லை. இத்தாலி அந்தத் தொடர் முழுவதிலும் வாங்கிய கோல்கள் இரண்டே இரண்டு. ஒன்று, நெஸ்டா ஆடிய அமெரிக்கா ஆட்டத்தில் சக்கார்தோ தன் வலைக்கே தட்டிவிட்ட சொந்த கோல். மற்றது, மெட்டராஸி கொடுத்த பெனால்டி. ஓடும் ஆட்டத்தில் எதிரணியின் காலிலிருந்து வந்த கோல் இருவர் காலத்திலும் ஒன்றுகூட இல்லை. நேர்த்தி காத்த மதிலும் முரட்டுத்தனம் காத்த மதிலும் ஒரே உயரம்தான் இருந்தன. உள்ளிருந்து விழுந்த கல் ஆளுக்கொன்று. இருவருக்கும் பக்கத்தில் நின்ற கன்னவாரோவுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த சமச்சீர் இதுதான்.

கழக வாழ்க்கையில் ஒரே கூரை, இரண்டு குடித்தனம். 2001இல் மெட்டராஸி இன்டருக்கு வந்தார். 2002 ஆகஸ்ட் கடைசி நாளில் லாசியோவின் பண நெருக்கடி நெஸ்டாவை மிலானுக்கு அனுப்பியது. இரண்டு கழகங்களுக்கும் சொந்த மைதானம் ஒன்றே. 2003 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இரண்டும் மோதி இரண்டு ஆட்டமும் சமனாக முடிய, ‘எதிரூரில்’ அடித்த கோல் என்ற விதியால் மிலான் இறுதிக்குப் போனது. எதிரூர் என்பது அதே மைதானம்தான்! அந்த ஆண்டும் 2007லும் நெஸ்டா கோப்பை தூக்கினார். மெட்டராஸிக்கு முறை வந்தது 2010இல். மாட்ரிட் இறுதி ஆட்டத்தின் கடைசிக் கணங்களில், இரண்டு கோலும் அடித்த மிலித்தோவை வெளியே அழைத்து அவரை உள்ளே அனுப்பினார் இன்டரின் பயிற்சியாளர் மொரின்யோ. அன்றிரவு காரிலிருந்து இறங்கிவந்து மொரின்யோ அவரைக் கட்டிக்கொண்டு அழுத காட்சி, கோப்பையைவிட நீண்ட நாள் நிற்கிறது. நெஸ்டாவின் வெற்றிகளில் இப்படி அழுகை இல்லை. அவர் முகத்தில் பெரும்பாலும் வேலை முடிந்த ஆசாரியின் களைப்புதான் தெரியும்.

இனி சென்னை. இங்கே வேடங்கள் தலைகீழாகின்றன. இதுவரை நெஸ்டா காலி செய்த இடத்துக்கு மெட்டராஸி போனார். 2014இல் மெட்டராஸி கூப்பிட்ட இடத்துக்கு நெஸ்டா வந்தார். வந்தது பருவத்தின் கடைசிக் கட்டத்தில். ஆடிய ஆட்டங்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். லீக் பட்டியலில் முதலிடம் பிடித்த அணி, அரையிறுதியில் கொச்சியில் கேரளாவிடம் 0-3 என்று நொறுங்கியது. சென்னையில் மூன்றையும் திருப்பிக் கொடுத்து ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்கு இழுத்தது. 117ஆம் நிமிடத்தில் கேரளாவின் பியர்சன் அடித்த ஒற்றை கோல் எல்லாவற்றையும் முடித்தது. உலகத்தின் இரண்டு பெரிய மதில் காவலர்களை வைத்திருந்த அணி, இரண்டு ஆட்டங்களில் நான்கு கோல் வாங்கி வெளியேறியது. அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. அது ஆய்வுக்குப் புறம்பான செய்தி.

அடுத்த ஆண்டு நெஸ்டா இல்லை. மெட்டராஸியும் காலணியைக் கழற்றிவிட்டுப் பயிற்சியாளராக மட்டும் நின்றார். அணி பட்டியலின் அடியில் கிடந்தது. எல்லோரும் அறிந்த அந்த முரட்டு மெட்டராஸி, கதவை உதைத்து உடைத்திருக்க வேண்டிய நேரம் அது. அவரோ ஆட்களை நம்பிக் காத்திருந்தார். கடைசி ஆட்டங்களை அடுத்தடுத்து வென்று அரையிறுதிக்கு ஏறியபோது சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. சொந்த ஊர் ஆட்டத்தைப் புணேயில் ஆட வேண்டியதாயிற்று. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். 2015 டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் இறுதி. 87ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னேறியது. 90ஆம் நிமிடத்தில் கோவா கீப்பர் கட்டிமணியின் கைபட்டுப் பந்து அவர் வலைக்கே போனது. அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் மென்டோசா அடித்த கோலில் கோப்பை சென்னைக்கு வந்தது. எதிராளியின் கால் நீளும்வரை பொறுத்திருந்து கவ்வுவதுதான் நெஸ்டாவின் வித்தை என்றேன் அல்லவா? அந்த வித்தையை ஒரு முழுப் பருவத்துக்கு நீட்டிக் காட்டியவர் மெட்டராஸி. பெரியவர் சொன்ன வகைப்பாட்டை அன்று நான் பாதி அழித்து எழுதினேன்.

மெட்டராஸி நெஸ்டாவுக்குப் பட்ட கடன் உலகக் கோப்பையில் தொடங்கியது என்றுதான் இத்தனை நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம். கொடுக்கல் வாங்கல் அதற்கு முன்பே, எதிர்த்திசையில் தொடங்கிவிட்டது. 2000 மே 14, இத்தாலிய லீக்கின் கடைசி நாள். லாசியோ அன்றே கோப்பை வெல்ல வேண்டுமானால், தான் வெல்வதோடு யுவெண்டஸ் பெருஜியாவிடம் தோற்கவும் வேண்டும். பெருஜியாவில் இடைவேளையில் கொட்டிய மழையால் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றது. ரோமில் லாசியோ 3-0 என்று வென்று முடித்துவிட்டு, கேப்டன் நெஸ்டாவின் அணியும் மைதானம் நிறைந்த கூட்டமும் வானொலியில் காது வைத்துக் காத்திருந்தன. கலோரி அடித்த ஒற்றை கோலால் பெருஜியா வென்றது. பெருஜியாவுக்கு அப்போது ஆடிக்கொண்டிருந்தவர் மெட்டராஸி. நெஸ்டாவின் முதல் லீக் கோப்பை, அவர் பந்தைத் தொட முடியாத ஒரு மைதானத்தில் மெட்டராஸியின் கழகம் ஈட்டிக் கொடுத்தது.

இரண்டே ஆண்டில் அதற்குப் பதில் கிடைத்தது. 2002 மே 5, மறுபடியும் கடைசி நாள். இன்டர் வென்றால் கோப்பை அதற்கு. எதிரே லாசியோ, ரோமில். லாசியோ ரசிகர்களே இன்டருக்காகக் கைதட்டிய விசித்திரமான அந்த மாலையில் இன்டர் 2-4 என்று தோற்றது. உங்களுக்குக் கோப்பை வாங்கித் தந்தவன் நானல்லவா என்று மெட்டராஸி லாசியோ ஆட்டக்காரர்களிடம் கண்ணீரோடு முறையிட்டார். முறையீட்டுக்குக் கால்பந்தில் செல்லுபடி இல்லை. ஜப்பானில் அவர் நெஸ்டாவின் இடத்துக்குள் ஓடியது இதற்கு ஒரு மாதம் கழித்துத்தான்.

2017 மார்ச்சில் மெட்டராஸி சென்னையை விட்டுப் போனார். நெஸ்டா அமெரிக்காவின் மயாமியில் பயிற்சியாளர் வேலை பழகிவிட்டு 2018 மே மாதம் இத்தாலிக்குத் திரும்பினார். முதலில் அவரைக் கூப்பிட்ட கழகம், லாசியோவும் இல்லை மிலானும் இல்லை. பெருஜியா கூப்பிட்டது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் எந்தப் புல்தரையில் மழை நிற்க வேண்டுமென்று ரோமில் காத்திருந்தாரோ, அதன் ஓரத்துப் பெஞ்சில் போய் அவர் உட்கார்ந்தார்.